கழன்ற சில்லு

வாசலில் பெண்கள் பழைய சேலைகளை மறைப்பாகப் பிடித்திருக்க, உள்ளே சுப்பாத்தாளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மறைப்புக்கு இந்தப்பக்கம் ஈர வேட்டியும் தோளில் நீர்க்குடமுமாக நின்றான் மகன் நவீன்குமார். உள்ளே அழுதுகொண்டே தங்கை தமிழ்ப்ரியா சொன்னது அவன் காதில் விழுந்தது.

"ஐயோ, அம்மா வவுறு கல்லாட்ட இருக்குதே."

குடம் தோளிலிருந்து நழுவி மண்ணில் விழுந்து உருண்டது. பாவம், பையன் தாங்க மாட்டேங்கறான் என்று யாரோ சொல்லி, அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் பந்தல் நிழலில் உட்கார வைத்தார்கள். தாங்க முடியாததுதான். ஆனால் அவர்கள் நினைத்த சங்கதி வேறு, அவன் தவித்த சங்கதி வேறு. அம்மாவின் வயிறு ஏன் அப்படி இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

வெயில் தாழ்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியப்பா, அப்பாவின் அண்ணன், எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்துக் கோடியில் மாங்கட்டையும் தேங்காய்ச் சிரட்டையும் அடுக்கியாகிவிட்டது. சொல்வதாக இருந்தால் இப்போதே சொல்ல வேண்டும். நெருப்பு வைத்த பிறகு சொல்லி என்ன, சொல்லாமல் இருந்து என்ன? 

நவீன்குமாருக்குப் பாலக்காட்டு டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, ஆவியில் வேகவைத்து, தட்டில் அடுக்கித் தியேட்டருக்குக் கொடுக்கிற பிரிவு. போன வருஷம் அங்கே ஒரு புதுமை வந்தது. ஒவ்வொரு கருவியின் பிடியிலும் அரிசிமணி அளவு ஒரு சில்லை ஒட்டினார்கள். தட்டைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தால் போதும், தொடாமல் கொள்ளாமல் மேஜையே அத்தனை சில்லையும் படித்துக் கணக்குச் சொல்லிவிடும். எல்லாம் இருந்தால் பச்சை விளக்கு. ஒன்று குறைந்தாலும் சிவப்பு. ஆபரேஷன் முடிந்து திரும்பி வரும் தட்டுக்குப் பச்சை விழுந்த பிறகுதான் டாக்டர் வயிற்றைத் தைத்து மூட வேண்டும் என்பது சட்டம். திறப்பு விழா நடத்தி, கேக் வெட்டி, போட்டோ எல்லாம் எடுத்தார்கள். மறுமாதமே தியேட்டரில் கையால் எண்ணுகிற வழக்கத்தை விட்டுவிட்டார்கள். மெஷின் எண்ணும்போது மனுஷன் எதற்கு எண்ண வேண்டும்?

வீட்டுக்கு வந்து இதை அவன் பெருமையாகச் சொன்னபோது சுப்பாத்தாள் கேட்டாள், நம்ம மாட்டுக் காதுல மாட்டியிருக்கற மஞ்சத் தகடு மாதிரியா என்று. அதேதான் என்றான். அப்படின்னா ஒண்ணும் காணாமப் போகாது, என்ன, காது அறுந்தாத்தான் ஆச்சு என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு எதிலும் ஒரு நொட்டை சொல்லியாக வேண்டும்.

காது அறுந்துகொண்டுதான் இருந்தது. தினமும் ஆவியில் வெந்து வெந்து பசை விட்டுப்போய்ச் சில்லுகள் கழன்று விழுந்தன. விழுந்ததைப் பொறுக்கி ஒரு சின்ன டப்பாவில் போட்டுவைத்து, சனிக்கிழமை மத்தியானம் மொத்தமாக உட்கார்ந்து ஒட்டுவார்கள். அதுவரைக்கும் அந்தக் கருவி சில்லில்லாமல் வேலைக்குப் போகும். மேஜை சிவப்புக் காட்டி மானத்தை வாங்கும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டப்பாவிலிருந்து அந்தக் கருவியின் சில்லை எடுத்து மேஜைமேல் தட்டோடு சேர்த்துப் போட்டால் பச்சை வந்துவிடும். கருவிதான் கண்ணெதிரே கிடக்கிறதே, இதில் என்ன பொய்? கம்ப்யூட்டரைச் சமாதானம் பண்ணினார்கள், அவ்வளவுதான். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. எல்லோரும் செய்தார்கள். அவனும் செய்தான்.

சுப்பாத்தாளுக்குப் பித்தப்பையில் கல். கோயமுத்தூருக்குப் போகலாம் என்றுதான் அவள் சொன்னாள். பையன் வேலை பார்க்கிற இடம் இருக்கும்போது நாம் ஏன் ஊர் மேய வேண்டும் என்றார் அப்பா சென்னிமலை. அம்மாவின் ஆபரேஷனுக்கான தட்டை நவீன்குமார் யாரையும் தொட விடாமல் தானே அடுக்கினான். ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்பு, பார்க்கக் கத்தரிக்கோல் போல இருக்கும், அதில் ஒன்றின் சில்லு கழன்று வந்தது. டப்பாவில் போட்டான். மேஜையில் காட்டிப் பச்சை வாங்கித் தட்டை அனுப்பினான்.

ஆபரேஷன் முடிந்து தட்டு திரும்பி வந்தது. சிவப்பு. தியேட்டரிலிருந்து ஆண் நர்ஸ் ஜிபி போனில் கூப்பிட்டு, டாக்டர் ஊசியோடு நிற்கிறார், என்ன ஆயிற்று என்று அவசரப்படுத்தினான். அந்தக் கழன்ற சில்லுதான், வேறென்ன? நவீன்குமார் டப்பாவைத் திறந்து அதை எடுத்து மேஜைமேல் போட்டான். பச்சை விழுந்தது. மூடலாம் என்று போனில் சொன்னவன் அவன்தான்.

தட்டை ஒரு தடவை கண்ணால் பார்த்திருந்தால் போதும். மற்ற நாளாக இருந்தால் பார்த்திருப்பான். அன்றைக்குத் தட்டு முழுக்கக் கிடந்தது அம்மாவின் ரத்தம். அதைப் பார்க்க மனசு வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்புறம் காய்ச்சல். வயிறு வீங்கியது. இன்பெக்‌ஷன் என்று மருந்தை மாற்றினார்கள். உள்ளே ஏதாவது தங்கியிருக்குமோ என்று சென்னிமலை பயந்து கேட்டபோது, டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அப்பா அதை நம்பாமல் மகனிடம் வந்து கேட்டார். பச்சைதானுங்கப்பா, நானே பார்த்தேன் என்றான் மகன். அவர் நிம்மதியாகப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் சில்லுகளை ஒட்ட உட்கார்ந்தான். எல்லாவற்றுக்கும் கருவி இருந்தது. ஒரு சில்லுக்கு மட்டும் ஒட்டுவதற்குக் கிளாம்பு இல்லை.

அந்த நிமிஷமே மேலே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. துணி மூட்டைகளைப் பிரித்துத் தேடினான். கழுவுதொட்டியின் சாக்கடை மூடியைத் தூக்கிக் கையை விட்டுத் துழாவினான். மஞ்சள் குப்பைப் பைகளைக் கிழித்துக் கொட்டினான். எங்கேயாவது கிடந்துவிடாதா, எங்கேயாவது கிடந்துவிட்டால் அது அம்மாவுக்குள் இல்லை என்றாகிவிடுமே என்று பைத்தியக்காரனைப்போல அலைந்தான். விடிந்து, இனி சொல்லித்தான் ஆக வேண்டும் என்று வார்டுக்கு ஏறியபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். அப்பா திரைக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

குளிப்பாட்டி முடிந்து, மஞ்சள் பூசி, புதுச்சேலை சுற்றிக் கிடத்தினார்கள். தமிழ்ப்ரியா வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"நீ அங்கயேதானண்ணா இருந்தே? ஒண்ணும் இல்லீன்னுதான சொன்னே?"

அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே எழுந்துவிட்டான். ஜிபி ஆஸ்பத்திரிக்காரர்களோடு மாலை கொண்டுவந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. கையை உருவிக்கொண்டு நவீன்குமார் அப்பாவைத் தேடிப் போனான்.

சென்னிமலை மோட்டார் ரூம் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். துண்டைத் தலையில் போட்டிருந்தார். தென்னைகளுக்கு நடுவில் கட்டை அடுக்கியிருப்பது அங்கிருந்தே தெரிந்தது.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க."

"சொல்லு சாமி."

சொன்னான். பசை, டப்பா, சிவப்பு, பச்சை, போன், சனிக்கிழமை, சாக்கடை எல்லாவற்றையும் சொன்னான். பாதி புரியும்படி, பாதி புரியாதபடி, மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னான்.  அவன் முடித்ததும் சென்னிமலை தென்னைகளுக்கு நடுவில் இருந்த கட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இப்ப வெளியில சொன்னா என்ன பண்ணுவாங்க?"

"போலீசு வரும். போஸ்ட்மார்ட்டத்துக்குக் கொண்டுபோவாங்க."

"மறுக்காவும் அறுப்பாங்களா?"

"ஆமாங்கப்பா."

"உன்னையக் கொண்டுபோயிருவாங்களா?"

"போகட்டுங்க. நான் போறேன். என்னைய நாலு அடியாச்சும் அடிங்கப்பா."

"அடிச்சா?" என்றார் சென்னிமலை.

 பந்தலிலிருந்து பெரியப்பா கூப்பிடும் சத்தம் வந்தது. சென்னிமலை எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். பிரியாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். இல்லை என்றதும் தலையாட்டினார். பிறகு பந்தலைப் பார்த்து நடந்தார். நவீன்குமார் பின்னாலேயே ஓடினான். அப்பா எதைச் செய்யப்போகிறார் என்று அவனுக்குத் தெரியவில்லை. எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவார், இவன்தான் என்று விரலை நீட்டுவார், அப்படி நீட்டினால் தனக்கு மூச்சு வந்துவிடும் என்று அவன் நினைத்தான். அதை வேண்டிக்கொண்டேகூட ஓடினான்.

"எடுங்கப்பா, பொழுதாச்சு," என்றார் சென்னிமலை.

தூக்கினார்கள். பெண்கள் கதறினார்கள். தோட்டத்துக் கோடியில் அவனுக்கு மொட்டையடித்து, தண்ணீர்ப்பானையைத் தோளில் வைத்துச் சுற்ற வைத்தார்கள். கொள்ளியைக் கையில் கொடுத்துத் திரும்பி நிற்கச் சொன்னார்கள்.  இந்தக் கொள்ளியைக் கீழே போட்டுவிட்டு, நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். இன்னும் நேரம் இருந்தது. அப்பா அருகில் வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். ஆறுதலுக்குப் பிடிக்கிறார் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அந்தப் பிடியில் எலும்பு வலித்தது.

"பத்த வை," என்றார்.

வைத்தான்.

மறுநாள் காலையில் பாலூற்றப் போனபோது ஆண்கள் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். சாம்பல்மேல் தண்ணீர் தெளித்தார்கள். கொள்ளி வைத்தவன்தான் எலும்பு பொறுக்க வேண்டும், காலில் தொடங்கித் தலைவரைக்கும், அதுதான் முறை. நவீன்குமார் பால்சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தான். ராத்திரி முழுக்க ஒரு பொட்டுத் தூக்கமில்லை. இல்லாமல் இருந்துவிட வேண்டும் என்று தெரிந்த தெய்வத்தையெல்லாம் கும்பிட்டிருந்தான். அந்தக் கிளாம்பு வேறெங்கோ, ஏதோ ஒரு குப்பையில் கிடக்க வேண்டும், அம்மா வெறும் காய்ச்சலில்தான் செத்திருக்க வேண்டும். செத்தவள் எப்படிச் செத்தால் என்ன என்பார்கள். பெற்ற மகனுக்கு அப்படியில்லை.

சென்னிமலை நடுவில் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ தொடாத."

பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பையன் இருக்கும்போது புருஷன் பொறுக்குகிற வழக்கம் எங்கேயும் கிடையாதே என்று சொல்லிப் பார்த்தார். சென்னிமலை காதில் போட்டுக்கொள்ளாமல் குந்தவைத்து உட்கார்ந்து, கால் பக்கத்திலிருந்து பொறுக்கத் தொடங்கினார். சின்னச் சின்ன எலும்புகளை ஊதிச் சாம்பலைப் போக்கிப் பானைக்குள் வைத்தார். முழங்கால் வந்தது. இடுப்பு வந்தது. அதற்குமேல் சாம்பலுக்குள் போன கை நின்றது.

நின்ற கையை நவீன்குமார் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மெதுவாக வெளியே எடுத்தார். நெருப்பில் வெந்து நீலம் பாரித்துப்போன இரும்பு. விரல் விடுகிற இரண்டு வளையங்களும் அப்படியே இருந்தன. வாய் இறுகப் பூட்டிக்கொண்டு எதையோ இன்னும் கவ்வியிருப்பதுபோல இருந்தது.

"அதென்னது சென்னிமல, இரும்பாட்டத் தெரியுது?" பெரியப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"ஆணிங்கண்ணா," என்றார் சென்னிமலை. "பாடையில அடிச்சது."

பாடையைக் கட்டியது பெரியப்பாதான். கயிறு போட்டுக் கட்டினார். ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. அவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார், மொட்டைத்தலையோடு நின்ற பையனின் முகத்தைப் பார்த்தார். பிறகு வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டு, ஆமா, ஆணியாத்தான் இருக்கும் என்று சொன்னார்.

சென்னிமலை அந்த இரும்பை எலும்புகளோடு பானைக்குள் வைத்தார். மீதியையும் பொறுக்கினார். தலை எலும்பைக் கடைசியாக மேலே வைத்துவிட்டு, புதுத்துணியால் பானையின் வாயை மூடினார். ஆற்றில் கரைக்கப் பேரூருக்கு யார் கொண்டுபோவது என்று யாரோ கேட்டார்கள். நானே போகிறேன் என்றார். அவனும் வரட்டுமே என்றார்கள்.

"நாந் தூக்கிட்டு வர்றேங்கப்பா," என்று நவீன்குமார் கையை நீட்டினான்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பானையின் கழுத்தில் துணியை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார். ஒன்று போதும். அதன்மேல் இன்னொன்று போட்டார். பிறகும் போட்டார். துணி தீர்ந்து நுனி விரலுக்கு அகப்படாமல் போகும்வரை சென்னிமலை முடிந்துகொண்டே இருந்தார்.