விழுந்தீங்களாம்மா?

நான் தையல்காரி. அறுபத்தொன்பது வயது, மூன்றாம் மாடியில் தனியாக வாசம். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து என் மகன் ஒரே பிடியாக நிற்கிறான். "இன்னொரு தடவ விழுந்தா வீட்டப் பூட்டிட்டு எங்ககூட வந்துடணும், ஆமா." மருமகள் தங்கமானவள்தான். ஆனால் அங்கே என் மெஷினுக்கு இடமில்லை. மெஷின் இல்லாமல் நான் எதற்கு?

எலும்பு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதால், வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போகிறேன். அங்கே ஓர் அதிர்வுப் பலகை, அதற்கு வரிசை வேறு. முழங்காலை லேசாக மடக்கி அதன்மேல் நிற்க வேண்டும். உள்ளங்காலிலிருந்து இடுப்புவரை கிடுகிடுக்கும். முதல் நாள் முழங்காலை மடக்காமல் விறைத்துக்கொண்டு நின்றேன், பல்லெல்லாம் தந்தியடித்தது. உதறல் எடுப்பதற்கு அதுவரை யாரும் என்னை வரிசையில் நிற்கவைத்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை, வெட்டிப்போட்ட துணியில் கால் சிக்கி மறுபடி விழுந்தேன். முழங்கைக்கு மேல் கன்றிப்போனது. யாரிடமும் மூச்சு விடவில்லை. முழுக்கை ரவிக்கை ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டேன்.

இன்று மூன்று மாதப் பரிசோதனை. மகனும் கூட வந்திருந்தான். பிசியோதெரபி பெண் தாளைப் பார்த்துக் கேட்டாள். "இந்த மூணு மாசத்துல எங்கயாவது விழுந்தீங்களாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் பேனாவோடு காத்திருந்தாள். நான் சொல்வதை வைத்துத்தான் அடுத்த பயிற்சியை முடிவு செய்வாள். இடுப்பளவைக் குறைத்துச் சொல்லிவிட்டு, பிறகு சட்டை பிடிக்கிறது என்று சண்டைக்கு வருபவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது.

"விழுந்தேன்" என்றேன்.

மகன் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு ஏம்மா ஃபோன் பண்ணல? அன்னைக்கி மாதிரி எழுந்திரிக்க முடியாம கெடந்திருந்தா?"

போன வருடம் அவன் கதவை உடைத்து வரும்வரை மூன்று மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தேன். நான் விழுவதைவிட, அப்படிக் கிடப்பதுதான் இவனை அரித்துக்கொண்டிருக்கிறது. பாவி எனக்கு இத்தனை நாள் இது உறைக்கவில்லை.

"கெடக்கலடா. நானே எழுந்துட்டேன்."

"எப்படி?" என்றான்.

வாயால் சொன்னால் நம்பமாட்டான். தரையில் போட்டிருந்த பயிற்சி விரிப்பில் மல்லாந்து படுத்தேன். பக்கவாட்டில் புரண்டேன். கையை ஊன்றி மண்டியிட்டு, ஒரு காலை முன்னால் வைத்தேன். தொடை நடுங்கியது. மகன் பதறிப்போய்க் குனிந்தான்.

"தொடாத" என்றேன்.

நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றேன். மூச்சு வாங்கியது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னொரு தடவ காட்டும்மா" என்றான்.