தாழ்ச்சி ராசனின் வரவு

நல்லொழுக்கத்தைப் பற்றி எழுத வந்தால் பழைய ஆங்கிலப் புலவர்கள் அதற்குக் கைகால் வைத்து நடக்க விட்டுவிடுவார்கள். என்னிடம் அப்படி ஒரு செய்யுள் நூல் இருந்தது. முதல் பத்துப் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டதால் எழுதியவர் பெயர் தெரியாது. விசுவாசம், பொறுமை, சாப்பாட்டில் அடக்கமான மட்டசனம் எல்லாம் அதில் ஆட்களாக நடந்து திரியும். டியூட்டரியில் ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிற எனக்கு அதைக் கூத்தாக்கும் ஆசை வந்தது. தொண்ணூற்றிரண்டில், குருநகர்க் கத்தோலிக்கக் கோயில் திருநாளுக்கு ஆக்கியும் விட்டேன்.

கொப்பியை அண்ணாவியார் நீக்கிலாப்பிள்ளையிடம் கொடுத்தேன். கூத்தைப் பழக்கி மேடையேற்றுவது அவர். கூத்துத் தொடங்கும்போது பாடுகிற காப்புப் பாட்டில் எழுதியவர் பெயரைச் சேர்ப்பது வழக்கம்.

“காப்பிலை ‘கனிசியஸ் மாஸ்டர்’ எண்டு உங்கடை பேரைப் போட்டிருக்கிறன்” என்றார்.

“சேச்சே, என்ரை பேர் என்னத்துக்கு?” என்றேன்.

எங்கள் ஊரில் புட்டு வைக்கும்போதுகூட முதல் தரம் வேண்டாம் என்போம், வைப்பவர் விடமாட்டார். அண்ணாவியார் விட்டுவிட்டார். பேனையை எடுத்து என் பெயரை வெட்டி, “உங்களைப்போல ஆக்கள் இப்ப குறைவு” என்றார். அந்தப் புகழ்ச்சியை வைத்து நான் என்ன செய்வது? எனக்குப் பெயர்தான் வேண்டியிருந்தது. கோயில் முற்றத்தில், முழுப் பங்குச் சனமும் கேட்க, மத்தளத்தோடு என் பெயர் பாடப்பட வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த தலையிடி தாழ்ச்சி, அதாவது பணிவு. மூல நூலில் தாழ்ச்சி பேசாமல் வந்து கடைசி வரிசையில் குந்தும். நூலின் அழகே அதுதான். ஆனால் கூத்தில் எந்தப் பாத்திரமும் தன் பெருமையைப் பாடிக்கொண்டுதான் மேடைக்கு வரும். அந்தப் பாட்டுக்கு வரவு என்று பெயர். அண்ணாவியார் தாழ்ச்சிக்கும் ஒரு வரவு கட்டியிருந்தார்:

தாழ்ச்சி ராசன் வந்தானே – இந்தத்
தரணியெல்லாம் நடுங்கவே

“தாழ்ச்சியைக் கண்டு தரணி ஏன் நடுங்குது?” என்று துள்ளினேன்.

“பாட்டில்லாமல் வந்தால், கதிரை தூக்கி வைக்க வந்தவன் எண்டு சனம் நினைக்கும், மாஸ்டர்.”

நான் விடவில்லை. இலக்கியம், ஒழுக்கம், மூல நூலுக்குத் துரோகம் என்று அரை மணித்தியாலம் கதைத்தேன். அண்ணாவியார் களைத்துப்போய் வரவை எடுத்துவிட்டார்.

மறுநாள் சூசைதாசன் வீட்டுக்கு வந்தான். கடற்றொழிலாளி, தாழ்ச்சி வேஷம் அவனுக்குத்தான்.

“பதினொரு வருசமாக் காவல்காரனா ஈட்டி பிடிச்சுக்கொண்டு நிண்டனான், மாஸ்டர். ஒரு வரவு பாட விடுங்கோ. என்ரை மனிசி கத்தரீனா ஊரெல்லாம் சொல்லிப்போட்டாள்.”

எனக்கு இரக்கம் வந்தது. இரக்கத்துக்குப் பின்னால் வேறொன்றும் வந்தது.

“சரி, பாடும். ஆனால் நான் தாற இரண்டு வரியையும் சேர்த்துப் பாடவேணும். ஆர் தந்ததெண்டு ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது.”

கனிசியஸ் மாஸ்டர் கவியாலே – பெருங்
கனதியோடு வந்தானே

பிறகு அண்ணாவியாரிடம் போய், மூல நூலில் தாழ்ச்சி மெல்லப் பாடுகிற ஓரிடத்தை இப்போதுதான் கண்டதாகச் சொன்னேன். அப்படி ஓரிடம் இல்லை. வரவு திரும்பி வந்தது.

சண்டைக் காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. அதனால் விடிய விடிய ஆடுகிற கூத்தைப் பின்னேரம் மூன்று மணிக்கே தொடங்கினார்கள். மட்டசனம் வெயில் தாங்காமல் மேடையிலேயே இரண்டு செம்பு தண்ணீர் குடித்தது. கடைசியாகத் தாழ்ச்சி வந்தது, எல்லாரையும்விடப் பெரிய கிரீடத்தோடு. தரணி நடுங்கியதும் சனம் விசிலடித்தது. கத்தரீனா எழும்பி நின்று சுற்றிவரப் பார்த்தாள்.

அடுத்து என் வரிகள். சூசைதாசன் அழகாகத்தான் பாடினான். ஆனால் அவற்றைத் திருப்பிப் பாடவேண்டிய பிற்பாட்டுக்காரருக்கு அவை தெரியாது. வாயைத் திறந்தபடி நின்றார்கள். மத்தளமும் நின்றது.

அண்ணாவியார் மேடை ஓரத்தில் நின்று கேட்டார்: “உது கொப்பியிலை இல்லையே. ஆர் தந்தது?”

சூசைதாசன் என்னைப் பார்த்தான். நான் கோயில் கோபுரத்தைப் பார்த்தேன்.

“தாழ்ச்சி வேசம் போட்டுக்கொண்டு பொய் சொல்லேலாது, அண்ணை” என்றான் அவன். “மாஸ்டர்தான் தந்தவர். தன்ரை பேரைப் பாடச்சொன்னவர். அதைச் சொல்லவேண்டாமெண்டும் சொன்னவர்.”

முற்றம் முழுக்கச் சிரித்தது. சுவாமியார் செபப்புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. என் மனைவி அருமைநாயகி தன் கதிரையை என்னிடமிருந்து ஒரு முழம் நகர்த்தினாள். எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது.

அண்ணாவியார் இரக்கமுள்ள மனிசன். பிற்பாட்டுக்காரரிடம், “மாஸ்டர் ஆசைப்பட்டிட்டார், பாடுங்கோ” என்றார். வரவை மூன்று தரம் திருப்பிப் பாடுவது முறை. முதல் தரம் அவர்கள் பாடினார்கள். இரண்டாம் தரம் சனமும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் தரம் கைதட்டலின் வேகத்தில், “கனிசியஸ் கவியாலே” என்று சுருக்கிவிட்டார்கள்.

அதுவரை தலை குனிந்திருந்த நான் எழும்பி நின்றேன்.

“மாஸ்டர்” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. “கனிசியஸ் மாஸ்டர்.”