தொட்டிக்கு நூறு அடி

செரெயானா தீவு நாட்டுத் தலைநகரான சுவாவில், பல்கலைக்கழகத்தில் பதினோரு வருடமாகப் போர்ச் சட்டப் பாடம் நடத்துகிறாள். ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் வெளிநாட்டுச் சட்ட இதழ் ஒன்றில் கட்டுரை வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் மேசையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

கட்டுரை தயாராகத்தான் இருந்தது. ஊர்க்காரர்கள் குடிக்கிற மழைநீர்த் தொட்டிக்கு நூறு அடிக்குள் படை முகாம் போடக் கூடாது, தீவு நாடுகளில் இது வழக்கத்தால் வந்த சட்டம் என்பது அவள் வாதம். 'எந்த அரசாவது இதை ஏற்று எழுதியிருக்கிறதா? காட்டுங்கள்' என்று இதழாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார்.

படையின் சட்ட அதிகாரி கர்னல் இசிகேலியிடம், இதையே ஓர் ஆணையாகப் போடச் சொல்லிப் போனாள். அவருடைய தீவும் இவளுடைய தீவும் தௌவு என்கிற கேலி முறை. எவ்வளவு கேலி செய்துகொண்டாலும் கோபம் மட்டும் வரக் கூடாது.

"ஆணைதானே? போட்டுடலாம். ஆனா முதல்ல வெளிநாட்டு இதழ்ல வரட்டும். அப்பத்தான் மேல இருக்கறவங்க கையெழுத்துப் போட விடுவாங்க."

"யோவ், அவன் ஆணையைக் கொண்டாங்கறான். நீ இதழைக் கொண்டாங்கற. ரெண்டு கடைக்காரனும் 'அவன் முதல்ல திறக்கட்டும்'னு உக்காந்திருந்தா நான் எங்கய்யா அரிசி வாங்கறது?"

"உங்க தீவுக்காரங்க என்னிக்கு வாங்கியிருக்கீங்க? எடுத்துக்கிட்டுல்ல போவீங்க!"

நான்கு நடை வீண். ஐந்தாவது நடைக்கு, மரியாதைக்குக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரில் நல்லதாக ஒரு கட்டு கொண்டுபோய் வைத்தாள். ஆணையையும் அவளே எழுதிக் கொடுத்தாள். வேர் கரைந்தது, கிண்ணம் சுற்றியது, கையெழுத்தும் விழுந்தது.

எல்லா முகாம்களிலும் ஒட்டிய பிறகுதான் அவள் கடைசி வரியைப் பார்த்தாள். 'இதை எழுதித் தந்த டாக்டர் செரெயானாவுக்கு நன்றி.'

"என் பேரை எதுக்குய்யா போட்ட?"

"பின்ன? உழைச்சவ பேரை மறைச்சா திருட்டு. எங்க தீவுல அந்தப் பழக்கம் இல்ல."

நகலெடுக்கும்போது அந்த ஒரு வரியை மடித்துவிட்டால் போதும். மடித்தும் பார்த்தாள். சாட்சியத்தில் கை வைத்தவர்களைப் பற்றி வருடாவருடம் வகுப்பில் முழங்குகிறவளுக்கு விரல் கூசியது. முழுதாகவே அனுப்பினாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது: 'கட்டுரையாளர் தாமே எழுதிய ஆணையைத் தாமே சாட்சியாகக் காட்டுகிறார். ஏற்பதற்கில்லை.'

டிசம்பரில் மேசை காலியானது. இப்போது ஒரு வக்கீல் அலுவலகத்தில் நிலக் குத்தகைப் பத்திரம் எழுதுகிறாள்.

ஜூலையில் இசிகேலி வேர்க் கட்டும் கிண்ணமுமாக அங்கேயே வந்து கரைக்க உட்கார்ந்துவிட்டார். அக்குளில் அதே இதழ்.

"டாக்டரம்மா! நம்ம ஆணை உலகத்துக்கே போயிடுச்சு!"

ஜெனீவாப் பேராசிரியர் ஒருவரின் கட்டுரை. தொட்டி, நூறு அடி, வழக்கத்தால் வந்த சட்டம், எல்லாம் இருந்தது. நாற்பத்தொன்றாம் அடிக்குறிப்பில் ஆணையும் இருந்தது. அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துத் தேடினாள்.

"என் பேர் எங்கய்யா?"

"நானும்தான் தேடினேன். எல்லாத்தையும் எடுத்துட்டு நன்றியை மட்டும் விட்டுட்டான். உங்க தீவுக்காரனா இருப்பானோ?"

அவள் கை இதழைச் சுருட்டியது. அவர் தலை எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"தௌவுகிட்ட கோபப்படக் கூடாதுன்னு எவன்யா எழுதி வச்சான்?"

"எவனும் எழுதல," என்றார் இசிகேலி, கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி. "சிரி."