ஆடாத கிட்டாரும் ஆடுகிற மேஜையும்

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எப்பேர்ப்பட்ட கோணல் மூக்கிலும் கண்ணாடியை நேராக உட்கார வைத்துவிடுவார். அவ்வளவு நிதானமான கையில் கிட்டாரைக் கொடுத்தால் மட்டும் நிதானம் எங்கே போகுமோ தெரியாது. பாட்டின் ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் அந்தக் கைப்பிடியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுவார்.

கம்பிகள் வந்து முடிகிற தகட்டில் துருத்திக்கொண்டு நிற்கிற கைப்பிடி அது. அழுத்தினால் தகடு சாயும், ஆறு கம்பியும் தளரும், சுரம் நெளியும். விட்டால் கிட்டாரின் முதுகுக்குள் இருக்கிற ஸ்பிரிங்குகள் தகட்டைப் பழைய இடத்துக்கே இழுத்துவிட வேண்டும். ட்ரெமோலோ என்பார்கள். இவருடையது பழைய இடத்துக்குப் போகாது, அதற்குப் பக்கத்து இடத்துக்குப் போகும். மூன்றாவது பாட்டுக்குள் கிட்டார் ஒரு சுருதியிலும் பாடகி வேறு சுருதியிலும் இருப்பார்கள்.

"என் மேல தப்பில்ல, இந்தப் பழைய சாமான்தான் சரியில்ல" என்பது அவர் கட்சி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து இருக்கையில் எனக்கென்று தனி பிரேக் உண்டு, வீட்டில்தான் இல்லை. புதிதாக ஓட்ட வருகிறவர்களில் பாதிப் பேர் கியரிலிருந்து கையை எடுக்கவே மாட்டார்கள். கியர் மாற்றுவதற்காக இல்லை. பயந்த கைக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். இவருடைய கைப்பிடியும் அந்த வகைதான் என்று எனக்கு எப்போதோ தெரியும். ஒரு முறை சொன்னேன். இரண்டு நாள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொல்வதில்லை.

இதில் சிக்கல் என்னவென்றால், அவர் வாசிப்பது என் அண்ணனின் குழுவில். அண்ணன் பகலில் பேருந்து ஓட்டுகிறான், ஞாயிறுகளில் டிரம்ஸ் அடிக்கிறான், இரண்டையும் ஒரே மாதிரிதான் செய்கிறான்: யாருக்காகவும் நிறுத்த மாட்டான். போன வாரம் ஒத்திகை முடிந்ததும் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டான்.

"மாப்ள, அடுத்த ஞாயித்துக்கிழமை நூலகத்துல நிகழ்ச்சி. அன்னைக்கும் சுருதி கலைஞ்சதுன்னா, அதுக்கப்புறம் நீங்க முதல் வரிசையில உட்கார்ந்து கேளுங்க. பாடகியோட கொழுந்தன் கிட்டாரைத் தோள்ல மாட்டிக்கிட்டு வாசல்லயே நிக்கிறான்."

"புது ட்ரெமோலோ வாங்கப்போறேன் மச்சான். அப்புறம் பாருங்க."

"கிட்டார்ல துருத்திட்டு நிக்கிற அந்தக் குச்சியில கை வைக்காம இருந்தாலே போதும்."

இவர் வாரம் முழுவதும் தும்மல் போட்டால்கூட மெதுவாகப் போட்டார். அந்தக் குழு போய்விட்டால் இவருக்கு மிஞ்சுவது கடையும் நானும்தான். எங்கள் இருவரையும் அவருக்குப் பிடிக்கும், ஆனால் எங்களோடு சேர்ந்து வாசிக்க முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. அண்ணனும் இவரும் பேசிக்கொள்ளாமல் போனால் நடுவில் கிடந்து மிதிபடப் போகிறவள் நான்.

சனிக்கிழமை பொட்டலம் வந்தது. கடையைப் பாதி நாளோடு மூடிவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் துண்டு விரித்துக் கிட்டாரைக் குப்புறப் படுக்க வைத்தார். முதுகுத் தகட்டின் திருகுகளைக் கழற்றித் தட்டில் போட்டார். பழைய ஸ்பிரிங்குகள், தேய்ந்த தகடு, எல்லாம் வெளியே வந்தன. புதியது பளபளத்தது. அடியில் கனமான எஃகுக் கட்டி, கத்தி முனை போலத் தீட்டிய விளிம்பு. நான் டார்ச் பிடித்தேன்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டும்மா."

"காட்டுறேன். ஏங்க, இவ்வளவு பொறுமை மேடையில எங்க போகுது?"

"மேடையில நீ டார்ச் பிடிக்கிறதில்லையே."

பதில் சொல்ல மட்டும் ஒரு நொடி தடுமாற மாட்டார்.

தகடு பொருந்திவிட்டது. கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும்வரை அது சாயாமல் இருக்க, எஃகுக் கட்டிக்கும் மரத்துக்கும் நடுவில் ஓர் ஆப்பு செருக வேண்டுமாம். சுருதி சேர்ந்தபின் ஸ்பிரிங்குகளின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால், கம்பியின் இழுப்பும் ஸ்பிரிங்கின் இழுப்பும் சமமாகிற நேரத்தில் ஆப்பு தானாகக் கீழே விழும். ரப்பரை வைத்துப் பார்த்தார், நசுங்கியது. சீப்பை வைத்தார், உடைந்தது. என் சீப்பு. கடைசியில் குனிந்து, மேஜைக் காலுக்கு அடியில் இருந்த மரத்துண்டை உருவி வைத்தார். அளவெடுத்தது போல உட்கார்ந்தது. அண்ணன் எங்களுக்கு அந்த மேஜையை வாங்கித் தந்த அன்றே, அது ஆடுகிறது என்று தானே செதுக்கிச் செருகிய துண்டு.

கம்பிகள் மாட்டினார். சுருதி சேர்த்தார். இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தார், சுருதி காட்டும் கருவியின் முள் அசையவில்லை. சந்தோஷம் தலைக்கேறி முதுகுத் தகட்டை வைத்துத் திருகிவிட்டார். கைப்பிடியைக் கூட மாட்டவில்லை.

"புதுக் கம்பி, ராத்திரி படியட்டும். நாளைக்கு மேடையிலதான் மாட்டுவேன்" என்றார், முதல் நாள் மாப்பிள்ளை மாதிரி.

ஞாயிறு காலை பத்து மணிக்கே ஒத்திகைக்குக் கிளம்பிப் போனார். நான் தேநீரோடு மேஜையில் உட்கார்ந்து முழங்கையை ஊன்றினேன். மேஜை சரிந்தது. தேநீர் என் மடியில்.

குனிந்து பார்த்தேன். காலுக்கு அடியில் ஆப்பு இல்லை. எங்கே இருக்கிறது என்று உடனே புரிந்துவிட்டது. கைப்பிடியை மாட்டி அழுத்துவார், அது அசையாது, எல்லோர் முன்னாலும் முழிப்பார், அண்ணன் பார்ப்பான். அவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அண்ணனுக்குச் செய்யலாம். செய்து என்ன சொல்வது? "அண்ணே, அவர் புது ட்ரெமோலோவுக்குள்ள மேஜைக்கால் ஆப்பை வச்சுப் பூட்டிட்டார்" என்றா? வாசலில் நிற்கிற கொழுந்தனை நானே உள்ளே அழைத்து நாற்காலி போட்டது போல ஆகிவிடும்.

சேலையை மாற்றிக்கொண்டு, அவருடைய சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். பேருந்து கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது.

நூலகத்தில் புத்தக அலமாரிகளை ஓரமாகத் தள்ளி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இரண்டாவது பாட்டு. சுருதி கிண்ணென்று நின்றது. மூன்றாவது, நான்காவது. அப்படியே நின்றது. வரிகளின் முடிவில் இவர் கை வழக்கம் போலக் கைப்பிடிக்குப் போனது. தோள் குலுங்கியது, தலை ஆடியது, கண் சொருகியது. கைப்பிடி மட்டும் அசையவில்லை. மனிதர் நடித்துக்கொண்டிருந்தார். சுரத்தை நெளியவிட்டது இடது கை விரல்தான். கம்பி மேலேயே மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

ஐந்தாவது, மெதுவான பாட்டு. கடைசி வரியில் கிட்டார் தனியாக நிற்க வேண்டிய இடம். அங்கே கைப்பிடியை விட்டுவிட்டார். ஒரே ஒரு சுரம். விரல் அசைய அசைய அது நீண்டு, தளும்பி, மெல்ல அடங்கியது. இத்தனை வருடத்தில் அவர் ஒரு சுரத்தைத் துணையில்லாமல் நிற்க விட்டு நான் கேட்டதில்லை. அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவேளையில் அவரை அலமாரிக்குப் பின்னால் இழுத்துப்போய் ஸ்க்ரூ டிரைவரைக் காட்டினேன்.

"உள்ள ஆப்பு இருக்குங்க!"

"தெரியும். ஒத்திகையிலேயே தெரிஞ்சிடுச்சு. அழுத்துறேன், மலை மாதிரி நிக்குது."

"அப்ப கழட்டி எடுத்திருக்கலாமே?"

"ஸ்க்ரூ டிரைவரை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். வேற வழியில்லாம விரலாலயே வாசிச்சேன். மச்சான் டிரம்ஸை நிறுத்திட்டு என்னையே பார்த்தார்."

யாருக்காகவும் நிறுத்தாத அண்ணன்!

"இப்ப ஸ்க்ரூ டிரைவர் இருக்கு. எடுத்துடலாமா?" என்றேன்.

அவர் கையை நீட்டினார், பிறகு மடக்கிக்கொண்டார். "பாதி நிகழ்ச்சி இருக்கும்மா. எனக்குப் பயமா இருக்கு. முடியட்டும்" என்றார்.

முடிந்தது, நன்றாகவே முடிந்தது. அண்ணன் எங்களோடு வீட்டுக்கு வந்தான். வழியெல்லாம் ஒரே புகழ்ச்சி.

"சும்மா சொல்லக்கூடாது மாப்ள, மெஷின்னா இதுதான் மெஷின். நீங்க ஆட்டுன ஆட்டுக்கு ஒரு இம்மி நகரலயே!"

இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

தேநீர் கொண்டுவந்து வைத்தேன். அண்ணன் வசதியாக முழங்கையை ஊன்றினான். நான் வாய் திறப்பதற்குள் மேஜை சரிந்து, அவன் பேண்டில் தேநீர். துள்ளி எழுந்து மேஜைக்கு அடியில் குனிந்தான்.

"இங்க நான் வச்ச ஆப்பு எங்க?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் கிட்டாரைப் பார்த்தார். ஏதாவது ஒரு பொய்யை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கிட்டாரை எடுத்துவந்து குப்புற வைத்து, முதுகுத் தகட்டைக் கழற்றி, அண்ணன் பக்கம் தள்ளினார்.

அண்ணன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். தன் கையால் செதுக்கிய துண்டு அவனுக்குத் தெரியாதா?

"அப்ப இன்னைக்கு முழுக்க இந்தக் குச்சி..."

"அசையவே இல்ல மச்சான்."

"அந்த மெதுவான பாட்டு?"

"வெறும் விரல்தான்."

அண்ணன் தாடையைச் சொறிந்தான். "வேலையை முடிங்க. எனக்கு என் ஆப்பு வேணும்" என்றான்.

இவர் ஸ்பிரிங்குகளின் இரண்டு திருகையும் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கினார். அண்ணன் கிட்டாருக்குக் கீழே உள்ளங்கையை ஏந்திக்கொண்டு காத்திருந்தான். டக்கென்று ஆப்பு விழுந்தது. அதை மேஜைக் காலுக்குக் கொடுத்து, தட்டி உட்கார வைத்துவிட்டு வந்தான்.

"இப்ப வாசிங்க. அந்தக் கடைசி வரி."

கைப்பிடிக்கு இப்போது தடை எதுவும் இல்லை. ஊதினால் ஆடும். இவர் நெற்றியில் வியர்வை. வரி முடிகிற இடம் வந்தது, வலது கை வழக்கம் போலக் கைப்பிடிக்குப் போனது. என் கால் தானாக இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. விரல்கள் கைப்பிடியைத் தொட்டன, தொட்டபடி சும்மா இருந்தன. இடது கை விரல் மட்டும் அசைந்தது. மத்தியானம் கேட்ட அதே சுரம், துணையில்லாமல், நேராக நின்றது.

பெருமையாக இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் உடனே ஆட்டத் தொடங்கிவிடுவார்.

சொல்லாமலே, சுரம் அடங்குகிற நேரம் பார்த்து, கைப்பிடியை ஒரே ஒரு முறை மெல்ல அழுத்தி விட்டார். சுரம் சின்னதாக ஒரு குனிவு குனிந்து, புறப்பட்ட இடத்துக்கே சரியாக வந்து நின்றது. புதுச் சாமானும் தன் வேலையைச் செய்யத்தான் செய்தது.

"பார்த்தீங்களா மச்சான்?" என்றார், முகமெல்லாம் பல்லாக.

அண்ணன் மேஜையில் முழங்கையை ஊன்றினான். மேஜை அசையவில்லை.

"பார்த்தேன். நிகழ்ச்சிக்கு ஒரு ஆட்டுதான். ரெண்டாவதா ஒண்ணு என் காதுல விழுந்துச்சுன்னா, மேஜை ஆடினா ஆடட்டும்னு ஆப்பைத் திரும்பக் கிட்டாருக்குள்ளயே வச்சிடுவேன். ஏம்மா, இன்னொரு தேநீர் போடு."