ஜனவரியில் புல் வாசனை

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மறு மாதமே, யார் சொல்லியும் கேளாமல், ஐலி கார்வனென் ஒரு பழைய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவந்து வீட்டோடு ஒட்டிய கராஜில் நிறுத்திவிட்டாள். இரண்டு பேருக்கு மேல் உட்கார இடமில்லாத கார். "அவளவிட சின்ன வயசுதான், ஆனா அவளவிட துரு ஜாஸ்தி" என்று அவள் கணவன் வெர்ன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். மிஷிகனின் வடக்குக் கோடியில் கோடை என்பது கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுகிற சமாசாரம். அந்தக் கொஞ்ச நாள் காரை ஓட்டுவதற்காகக் குளிர்காலம் முழுக்க அதன் அடியில் படுத்துக் கிடக்க வேண்டும். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொன்ன அதே வெர்ன், வருடா வருடம் காபிக் கோப்பையோடு கராஜுக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, நாள் முழுக்கக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இல்லாவிட்டால் அவனுக்குப் பொழுது போகாது.

இந்தக் குளிர்காலத்து வேலை, காரின் தரை. டிரைவர் பக்கத்துத் தகடு அரித்துப்போய், ஓட்டும்போது காலடியில் ரோடு தெரிந்தது. ஐலி அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு ஒன்றைக் கச்சிதமாக வளைத்து வைத்திருந்தாள். வெல்டிங் வைப்பதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். அதற்கு பிரேக் கிளீனர்தான் சௌகரியம். கடையில் அது இரண்டு வகையில் கிடைக்கிறது. ஒன்று பெட்ரோல் மாதிரி குப்பென்று பற்றிக்கொள்ளும். இன்னொன்றின் டப்பாவில் 'தீப்பிடிக்காது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். போன வருடம் வெல்டிங் பொறி பட்டு காரின் கம்பளம் கருகியதிலிருந்து வெர்ன் அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். "வீட்டக் கொளுத்திட்டுத்தான்டி நீ ஓய்வே." அவன் வாயை அடைப்பதற்கென்றே ஐலி தீப்பிடிக்காத டப்பாவை வாங்கினாள்.

சனிக்கிழமை காலை. வெளியே ஏரிக் காற்றோடு பனி கொட்டிக்கொண்டிருந்தது. கராஜ் கதவை இறுக்கி மூடி, ஹீட்டரைப் போட்டிருந்தார்கள். ஐலி இணைப்பு முழுக்க கிளீனரை அடித்துத் துடைத்துவிட்டு, வெல்டிங் புகைக்கான முகமூடியை மாட்டினாள். வீட்டில் இருந்தது அந்த ஒன்றுதான். வெர்ன் எதிர்ப்பக்கத்திலிருந்து எட்டி, ஒரு கட்டையால் தகட்டை அழுத்திப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டான். பொறி பறந்தது. இரண்டு தகடும் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்த இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு புகை இழை எழுந்தது.

"ஏ ஐலி, எவன்டி ஜனவரில புல் வெட்டுறான்?"

"என்னது?"

"புல் வாசன வருது. இப்பத்தான் அறுத்துப் போட்ட மாதிரி." அவன் குனிந்து மூச்சை ஆழமாக இழுத்தான். "நல்லாருக்கு. உனக்கு வரலயா?"

"வயசானா மூக்கும் போயிடும்போல. கட்டைய ஒழுங்காப் புடி."

அவன் இரண்டு முறை இருமினான். கண்ணைக் கசக்கிக்கொண்டான். வேலை முடிந்ததும் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அவ்வளவுதான் நடந்தது.

சமையலறையில் ஏலக்காய் ரொட்டியை வெட்டி வைத்துக்கொண்டு ஐலி புருனோவுக்கு போன் போட்டாள். புருனோ முப்பது வருடம் கப்பல் துறையில் வெல்டிங் செய்தவன். அவளுக்கு வெல்டிங் வைக்கக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். தரையை முடித்துவிட்டேன் என்று பீற்றிக்கொள்ளத்தான் கூப்பிட்டாள். பேச்சுவாக்கில், ஒரு ஓரம் மட்டும் பொத்தல் பொத்தலாக வந்ததைச் சொன்னாள்.

"அடியில ஈரம் இருந்திருக்கும். எதப் போட்டுத் தொடச்ச?"

"பிரேக் கிளீனர்."

"எந்த டப்பா?"

"தீப்பிடிக்காததுதான். நான் என்ன முட்டாளா?"

புருனோவின் குரல் சட்டென்று மாறியது.

"ஐலி. புகை வந்துச்சா? வெள்ளையா?"

"லேசா வந்துச்சு."

"வாசன ஏதாச்சும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியல. இந்தக் கெழவன்தான் புல் வாசனைன்னு உளறிக்கிட்டிருந்தான்."

"அய்யோ." புருனோ அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. "அந்தக் கிளீனர்ல குளோரின் இருக்கு, வெல்டிங் வெளிச்சம் பட்டா விஷ வாயுவா மாறிடும் ஐலி. பாஸ்ஜீன். அதுக்குத்தான் புல் வாசன. அந்தக் காலத்துச் சண்டையில ஆளுங்களக் கொல்றதுக்கு விட்ட வாயு. இப்ப ஒண்ணும் தெரியாது. ஆளு நல்லாத்தான் நடமாடுவான். சாயங்காலம், இல்லாட்டி நாளைக்கி, நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். அவன அசையவிடாத. ஒரு வேலையும் செய்யக் கூடாது. வெர்ன் எங்க?"

ஐலி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பனி வாரும் வண்டி வீட்டு வாசலில் ஒதுக்கிவிட்டுப் போயிருந்த மேட்டை, வெர்ன் அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தான்.

போனை எங்கே வைத்தாள் என்று தெரியாது. வீட்டுச் செருப்போடு பனியில் ஓடினாள்.

"போடு! கீழ போடுய்யா அத!"

"என்னடி, வீடு பத்திக்கிச்சா?"

"மண்வெட்டியப் போடுன்னு சொல்றேன்ல! ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"யாருக்கு என்ன?"

"உனக்குத்தான். அந்தப் புல் வாசன வெசமாம். புருனோ சொல்றான்."

வெர்ன் சிரித்தான். "புருனோவா? போன வாரம் அவன் என்ன சொன்னான் தெரியுமா? முட்ட தின்னா நீ செத்துடுவன்னான். எனக்கு ஒண்ணும் இல்லடி. பாரு, மூச்சு எப்படி இழுக்குறேன்னு." நெஞ்சை நிமிர்த்தி இழுத்தும் காட்டினான்.

"நல்லாத்தான் இருக்குமாம். அதான்யா வியாதியே." அவள் குரல் உடைந்தது. "ஒத்த முகமூடிய நான் மாட்டிக்கிட்டு உன்ன அங்க நிக்க வெச்சேன். உன்னக் கொன்னுட்டேன்யா நான்."

அவள் அழுது அவன் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. மண்வெட்டியைக் கீழே போட்டான்.

விஷ முறிவு உதவி எண்ணில் பேசிய பெண்ணும் புருனோ சொன்னதையே சொன்னாள். ஊருக்கு இருக்கிற ஆம்புலன்ஸ் இரண்டும் நெடுஞ்சாலை விபத்துக்குப் போயிருக்கின்றன, வர நேரமாகும், முடிந்தால் நீங்களே கூட்டிப் போய்விடுங்கள், அவரை நடக்க விடாதீர்கள், நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றாள். கடைசியாகச் சொன்னதை ஐலி காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன்னிடம்தான் முகமூடி இருந்ததே.

வீட்டு டிரக் வெளியே போக வேண்டுமானால் வாசல் மேட்டை யாராவது வார வேண்டும். வெர்னை டிரக்கில் உட்காரவைத்து, ஹீட்டரைப் போட்டுவிட்டு அவளே வாரினாள். வேகவேகமாக, வெறி பிடித்தவள்போல் வாரினாள். பாதியில் மூச்சு வாங்கியது. ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் கண்ணாடி வழியாக அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். அவன் உள்ளேயிருந்து, அந்த மூலையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று விரலை நீட்டி அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தான்.

ரோடே தெரியவில்லை. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். இருபத்தாறு வருடம் பனியில் பிள்ளைகளை ஏற்றிப் போனவள். ஒரு நாள்கூட வண்டி தடம் விலகியதில்லை. இன்று ஸ்டியரிங் அவள் கையில் நிற்கவில்லை. வெர்ன் தொண்டையைச் செருமினால்கூட அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"என்னய்யா? இருமலா?"

"பேச ஆரம்பிச்சேன்டி. அது தப்பா?"

"பேசாத. பேசினாலும் மூச்சு செலவு."

"முப்பத்தெட்டு வருசமா இதச் சொல்லத்தான் காத்துக்கிட்டிருந்தியா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சை யாரோ கயிறு போட்டுக் கட்டியதுபோல் இருந்தது. பயந்தால் இப்படித்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவன் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தாள். காலிக் கோப்பையும் ஸ்டூலும் மட்டும் இருக்கிற கராஜை நினைத்தாள். அந்த மஞ்சள் காரைக் கொண்டுபோய் ஏரியில் தள்ள வேண்டும் என்று இருந்தது.

நகரத்து ஆஸ்பத்திரியில் வெர்னுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. ஆனால் இப்போது சுத்தமாக இருப்பதில் அர்த்தமில்லை, நாளை வரை இங்கேயே படுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர் ஓகார்ட் என்ற பெண்மணி. விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்று திரையில் எண் வந்தது. தொண்ணூற்றேழு. அது தொண்ணூறுக்குக் கீழே போனால் மணி அடிக்கும் என்று நர்ஸ் கோரின் சொல்லிவிட்டுப் போனாள்.

ஐலி நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தொண்ணூற்றேழு தொண்ணூற்றாறு ஆனால் நாற்காலி நுனிக்கு வந்தாள். மறுபடி ஏறினால்தான் கண் இமைத்தாள். உங்களையும் பார்க்கட்டுமா என்று கோரின் இரண்டு முறை வந்து கேட்டதற்கு, "எனக்கென்ன, அவரப் பாருங்க" என்று விரட்டிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. சாயங்காலம் என்று புருனோ சொன்ன நேரம் இதுதான். வெர்னோ முதுகு திறந்த ஆஸ்பத்திரி அங்கியில் படுத்துக்கொண்டு, கொடுத்த சூப்பில் உப்பில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தான்.

ஐலி இருமினாள். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இருமினாள்.

"என்னடி அது?"

"தொண்ட வறண்டுபோச்சு. பயத்துல."

வெர்ன் சூப்பைக் கீழே வைத்தான். "இங்க திரும்பு. ஒதடு ஏன் நீலமா இருக்கு?"

"வெளிய குளிரு."

"நாம உள்ள வந்து எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவள் பதில் சொல்ல வாய் திறந்தாள். ஒரு வாக்கியத்துக்கு வேண்டிய மூச்சு வரவில்லை. வெர்ன் தன் விரலிலிருந்து கிளிப்பைப் பிடுங்கி அவள் விரலில் மாட்டினான். திரை ஒரு கணம் யோசித்தது. எண்பத்திரண்டு. மணி அடிக்கத் தொடங்கியது.

ஓடிவந்த கோரின், கிளிப் சரியாக உட்காரவில்லை என்று நினைத்துத் தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றொன்பது. மறுபடி ஐலிக்கு மாட்டினாள். எண்பத்தொன்று. ஐலியைக் கட்டிலில் ஏற்றி முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை இறுக்கிக் கட்டினார்கள்.

"முகமூடி... போட்டிருந்தேனே" என்றாள் ஐலி, டாக்டரிடம்.

"அது புகையில இருக்கிற தூசியத்தான் தடுக்கும்மா. வாயுவத் தடுக்காது, வாசன தெரியாட்டியும் உள்ள போயிருக்கும். நெருப்புக்குப் பக்கத்துல இருந்தது யாரு முகம்?"

"என்னோடது."

"அதுக்கப்புறம் உடம்ப வருத்தி ஏதாச்சும் செஞ்சீங்களா?"

ஐலி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பனி வாரினா. என்ன உக்கார வெச்சிட்டு, இவ வாரினா" என்றான் வெர்ன்.

டாக்டர் தலையாட்டினார். "இங்க இருக்கும்போது வந்துச்சே, அந்த மட்டும் நல்லது. வீட்டு சோபாவுல உக்காந்திருக்கும்போது வந்திருந்தா..." அவர் முடிக்கவில்லை. தொண்டைக்குள் மூச்சுக் குழாய் போடுகிறவர்களைக் கூப்பிடச் சொல்லிக் கோரினை அனுப்பினார்.

அந்த நிமிடம் ஐலிக்கு வந்தது பயமில்லை, நிம்மதி. காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அவனுக்கில்லை, எனக்குத்தான், அவன் தப்பித்தான். நினைக்க நினைக்க அழுகை முட்டியது.

கண்ணைத் திறந்தபோது வெர்ன் வெறுங்காலோடு வாசலில் நின்று, சீக்கிரம் வாங்கய்யா, யாராச்சும் வாங்கய்யா என்று நடையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். அங்கி முதுகில் திறந்து கிடந்ததைப் பற்றி அவனுக்கு நினைவே இல்லை. அவன் முகத்தை அவள் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. மத்தியானம் முழுக்கத் தன் முகம் அப்படித்தான் இருந்திருக்கும் என்று புரிந்தது.

அவள் கையை அசைத்துக் கூப்பிட்டாள். ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"உக்காருய்யா. நீ... நிக்கக் கூடாது. அலட்டிக்கக் கூடாது... உனக்கும் வரலாம்."

இந்த முப்பத்தெட்டு வருடத்தில் அவள் சொன்ன எதற்கும் அவனிடம் ஒரு பதில் இருந்திருக்கிறது. இப்போது வெர்ன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், ஒரு கிண்டல்கூடப் பண்ணாமல் வந்து, அவள் காட்டிய நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அதைப் பார்த்த பிறகுதான் ஐலிக்குத் தன்னைப் பற்றிப் பயம் வந்தது.