தேக்கு என்று சொன்ன அலமாரி

ஜூன் ஏழாம் தேதி, மழை பிடித்த மூன்றாம் நாள், மட்டாஞ்சேரி அரிசிக் கடைக்காரர் சிகாபுதீனின் இடது தோள் நனைந்த பலகைபோல உப்பி, ஓரம் பிரிந்து, மரத்தூள் உதிர்ந்தது. வலி இல்லை. தட்டிப் பார்த்த டாக்டர் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

காரணம் சிகாபுதீனுக்குத் தெரியும். ஏப்ரலில் இளைய மகள் ரஃபீனாவை ஆலுவாவில் கட்டிக்கொடுத்திருந்தார். பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டு அடுக்களை காணப் போகும் நாளில் அலமாரி கொண்டுபோவது வழக்கம். மூத்தவள் ஹஸீபாவுக்குப் போனது அசல் தேக்கு. இளையவளுக்கும் அதே மரம்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மனிதர் அந்தப் பணத்தில் கடைக்குக் கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்துக்கொண்டார். அரிசி மூட்டைக்கு எதற்கு ஏசி என்று அரிசிக்கே தெரியாது. அலமாரி அட்டைப்பெட்டியில் தட்டையாக வந்து இறங்கியது. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகைகள். மேலே தேக்கின் ரேகை அச்சடித்த காகிதம்.

பாலிஷ் வேலை நடக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு, கிடங்கைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் தனியாக மல்லுக்கட்டினார். செய்முறைத் தாளில் ஓர் எழுத்துகூட இல்லை. மொட்டைத்தலைப் பொம்மை ஒன்று எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டே திருகாணி முடுக்கியது. இவருக்கு ஒரு துளை மேலே இருந்தால் அதன் ஜோடி அரை விரல் கீழே இருந்தது. இழுப்பறையைத் தலைகீழாகப் பூட்டி, கழற்றும்போது விளிம்பு பெயர்ந்து, அந்த இடத்தில் மெழுகை அப்பினார். நிமிர்த்தி வைத்தபோது அலமாரி இடப்பக்கம் சாய்ந்தது. மொட்டைத்தலையனைத் தாராளமாகத் திட்டினார். பிறகு தன்னையும் திட்டிக்கொண்டார், அந்தக் கதவைத் திறந்து துணி அடுக்கப்போகிற பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

ரஃபீனாவின் மாமியார் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, நல்ல தேக்கு என்றார். ஜூன் மழைக்கு உப்பியிருக்க வேண்டியது அலமாரி. அது அசையாமல் நின்றது, உப்பியது இவர். ஆகஸ்டில் பெரியாறு ஏறி ஆலுவா வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றபோது, மட்டாஞ்சேரியில் காய்ந்த தரையில் உட்கார்ந்திருந்த சிகாபுதீன் முழங்கால் வரை ஊறிப் பலகையாகிப்போனார். பக்கத்துக் கடைக்காரர்கள் வார்னிஷ் அடிக்கச் சொன்னார்கள். மனைவி சஃபியா கால்களைப் பழைய வேட்டியால் சுற்றிக் கட்டினாள். தண்டனை சரியாகத்தான் வந்திருக்கிறது என்று அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

வெள்ளம் வடிந்ததும் ரஃபீனா பார்க்க வந்தாள். சஃபியா சாயா போட உள்ளே போனாள்.

"மோளே, அது தேக்கு இல்ல. உன்னை நான் ஏமாத்திட்டேன்."

"அறியும் அத்தா. ஒண்ணாம் நாளே இழுப்பறை இழுத்தப்போ கண்டேன். மாமி கேட்டப்போ நானும் தேக்குன்னுதான் சொன்னேன்."

அவள் வலது கையை விரித்தாள். இரண்டு விரல்நுனிகள் பிரிந்து, தூள் கொட்டிக்கொண்டிருந்தது. சிகாபுதீன் அழுதார். தன் உடம்பு போவதைப் பொறுத்துக்கொண்டவரால் இதைப் பொறுக்க முடியவில்லை.

மறுநாள், கால் மடங்காததால், மூட்டை ஏற்றும் வண்டியில் படுத்து ரஃபீனாவோடு ஆலுவா போனார். சம்பந்தியம்மாளிடம் நேராகச் சொன்னார்: "அது தூள் பலகையாக்கும். பொய் சொன்னது நான். இவளையும் சொல்ல வச்சது நான்."

உள்ளறையில் அலமாரி, அதுவரை வாங்காத ஈரத்தையெல்லாம் ஒரே மூச்சில் வாங்கி, உப்பி, தரையோடு உட்கார்ந்தது. சம்பந்தியம்மாள் நாலு வார்த்தை நன்றாகவே கேட்டார். பிறகு சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

மாலைக்குள் ரஃபீனாவின் விரல்நுனிகள் பிளவு மூடி மறுபடி சதையாயின. தேக்கு செய்து தருகிறேன் என்றார் சிகாபுதீன். ஸ்டீல் பீரோ போதும் என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை, அதுதான் அவரைத் தைத்தது. அவருடைய கால்கள் சதையாகவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. இப்போது காலையில் உதிர்ந்த தூளைக் கூட்ட சஃபியா துடைப்பத்தோடு வரும்போது, அவள் சொல்லாமலே கால்களைத் தூக்கிக் கொடுக்கிறார்.