முஹ்சின் மிதித்த பாத்தி

2004 ஆகஸ்டில் குவைத்திலிருந்து மரக்காணம் திரும்பிய முஹ்சின், உப்புக் கம்பெனித் தராசில் நானூற்றுப் பன்னிரண்டு கிலோ இருந்தான். ஆள் என்னவோ போனபோது இருந்த அதே ஒல்லிக்குச்சிதான். வந்த வாரம் கட்டில் உடைந்தது, மறுவாரம் வாசற்படி மண்ணுக்குள் இறங்கியது. அவன் ஏறினால் டயர் உட்கார்ந்துவிடுகிறது என்று திண்டிவனம் பஸ் கண்டக்டர்கள் கும்பிடு போட்டுவிட்டார்கள்.

காரணத்தை மனைவி ஆரிஃபாவிடம் மட்டும் சொன்னான். போரில் உடைந்த டாங்கிகளைக் குவித்துவைத்த காயலான் கிடங்கில் அவனுக்கு மூன்று வருடம் வேலை. "டாங்கியைப் பொளக்கிற குண்டு அது, அம்பு மாதிரி இருக்கும். உள்ள மருந்தே கெடையாது. ஈயத்தவிட கனமான ஏதோ உலோகம், அப்புறம் வேகம், அவ்ளோதான். டாங்கி எங்க நவுந்தாலும் தேடிப் போவும்னு அங்க சொல்வாங்க. மோதினா கறுப்பு மாவாயிடும். அதத்தான் நான் பெருக்கினேன், மூக்குல துணிகூட இல்லாம." படுத்தால் அவன் மார்பு தானாக மேற்கே திரும்பும். தொழுகைத் திசைதானே என்று ஆரிஃபா நிம்மதியாக இருந்தாள். உள்ளே போன மாவு இன்னும் டாங்கியைத் தேடுகிறது என்று அவளிடம் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த காலையில் படகுகளும் மாடுகளும் அடித்துச் செல்லப்பட்டன. முஹ்சின் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் இடுப்பைக் கட்டிக்கொண்ட ஆரிஃபா பிழைத்தாள். மாடியிலிருந்து இதைப் பார்த்த உப்பளக்காரர் காசிலிங்கம் தை மாதம் வீட்டுக்கே வந்துவிட்டார். பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து இறுக்கினால்தான் உப்பு வெள்ளையாக வரும். கடல் கொட்டிப்போன சேற்றை மிதிக்க அவருக்கு ஆள் போதவில்லை.

"பாய், நீங்க ஒரு ரவுண்டு வந்தா பத்து பேர் மிதிச்ச மாதிரி."

"வேணாங்க. உசுரோட மண்ணுக்குள்ள போயிடுவாருங்க" என்றாள் ஆரிஃபா. வேறு எந்த வேலையும் கிடைக்காத முஹ்சின் மறுநாளே இறங்கிவிட்டான்.

முதல் நாள் கணுக்கால் புதைந்தது. பத்தாம் நாள் முழங்கால். மாசி முதல் வெள்ளிக்கிழமை, பாத்தி நடுவில், மார்புவரை போய்விட்டான். டிராக்டரில் கட்டி இழுத்த வடம் இரண்டு முறை அறுந்தது. காசிலிங்கம் வரப்பில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கழுத்தளவு போனதும் ஆரிஃபா சேற்றில் மண்டியிட்டு அவன் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். அத்தனை பாரத்தை ஒருத்தி எப்படித் தாங்கினாள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. மாலை அஸர் பாங்கு முடிகிறவரை தாங்கினாள். அவன் மூச்சு நின்ற பிறகுதான் கையை விட்டாள்.

ஜமாஅத்தார் வரப்பிலேயே வரிசை கட்டி ஜனாஸா தொழுகை முடித்து, ஆளுக்கு மூன்று பிடி சேறு போட்டுவிட்டுப் போனார்கள். 2006 தை மாதம் மற்ற பாத்திகளுக்கெல்லாம் ஆட்கள் இறங்கினார்கள். அந்தப் பாத்தி மிதிக்காமலே கல்லாக இறுகிக் கிடந்தது. அங்கே விளைந்த உப்பைத் தூக்க மூட்டைக்கு நான்கு பேர் வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் "பாய், வாங்க" என்று சொல்லித் தூக்கினார்கள்.